சாக்கைத் தூக்கிக்கிட்டு லைப்ரரிக்குப் போனது

ஒனக்கு வேற சோலியே இல்லையா? எங்க தெரு லைப்ரரிய மூடப் போறோம்னு சொன்னாங்க, மூடல. அம்புட்டுத்தான் விசயம். அது எப்படி மூடாமப் போச்சுன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற? அடுப்புல எதையாச்சும் வச்சுட்டு வந்திருந்தா மொதல்ல அதைப் போய்ப் பாரு. கருகிப் போனா என்னையச் சொல்லக் கூடாது.

சரி, போகமாட்ட. அப்ப ஒண்ணு சொல்லிக்கிறேன். இதை நான் எழுதல. நான் படிச்சது ரெண்டாப்பு. செல்லுல மைக்குப் படத்தை அமுக்கிட்டு நான் பேசுறேன், அது எழுதிக்கிருது. நான் 'சொளகு'ன்னு சொன்னா அது 'சுலபம்'னு எழுதுது. லைப்ரரிப் பொண்ணுதான் உக்காந்து திருத்துனா. தப்பு இருந்தா அவளைக் கேளு.

எனக்குச் சோலி போடியில, ஏலக்காய் ஸ்டோர்ல. மலையில இருந்து ஜீப்புல மூட்டை மூட்டையா வர்ற காயைச் சொளகுல, அதான் முறத்துல, கொட்டி, பெருசு தனி, சிறுசு தனி, வெடிச்சது தனின்னு பொறுக்கிப் போடணும். பதினோரு பொம்பளைக வட்டமா உக்காந்திருப்போம். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் அது பாட்டுக்கு ஓடும். சாயந்தரம் வீட்டுக்குப் போற வழியிலதான் அந்த லைப்ரரி. ஒரு ரூமு, நாலு இரும்பு ரேக்கு, ஒரு நீள பெஞ்சு, ஒரு ஃபேனு. நான் போனது ஃபேனுக்காகத்தான். சும்மா உக்காந்திருந்தா நல்லா இருக்காதேன்னு பேப்பரை விரிச்சு வச்சுக்கிருவேன். மொதல்ல படம் பாத்தேன். அப்புறம் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு எழுத்தெழுத்தாக் கூட்டிப் பாத்தேன். ஒரு வரி முடியிறதுக்குள்ள வேர்வை காஞ்சிரும், எந்திரிச்சு வந்திருவேன். இப்படியே ரெண்டு வருசத்துல பஸ்சு போர்டு, கடை போர்டெல்லாம் எனக்கு அத்துபடி.

லைப்ரரியப் பாத்துக்கிறவளுக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சிலமலையில இருந்து பஸ்சுல வந்து போறவ. வீட்டுல அம்மா படுத்த படுக்கை. இவ போய்த்தான் கஞ்சி ஊத்தணும். என்னைய அப்பத்தான்னு கூப்பிடுவா.

ஒரு நாள் போறேன், மொகத்தைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கா.

"என்ன தாயி, அம்மாவுக்கு முடியலையா?"

"அம்மா நல்லாத்தான் இருக்கு அப்பத்தா. இதுக்குத்தான் முடியல." கையால ரூமைச் சுத்திக் காட்டுனா.

மேல இருந்து கடுதாசி வந்திருக்கு. இங்க வர்ற ஆளு கம்மியாம். இப்ப எல்லாரும் செல்லுலயே படிச்சுக்கிறாங்களாம். தை முடியவும் ஆபீசரு வந்து நோட்டைப் பாப்பாராம். புத்தகம் போகவும் வரவும் இருந்தா சரி. இல்லாட்டி அம்புட்டையும் மூட்டை கட்டி டவுனுக்குள்ள இருக்க பெரிய லைப்ரரிக்குக் கொண்டுக்கிட்டுப் போயிருவாங்க. இவளையும் எங்கயாச்சும் தூரமா மாத்திருவாங்க.

"யாரு செல்லுல படிக்கிறா? எங்க தெருவுல செல்லுல சண்டைல்ல போடுறாளுக"ன்னேன்.

எப்பவும் நான் ஒண்ணு சொன்னா ரெண்டு நிமிசம் சிரிக்கிறவ, அன்னைக்குச் சிரிக்கல. அது எனக்கு என்னமோ போல இருந்துச்சு.

மக்கா நாளு கதவுல ஒரு பேப்பரு ஒட்டியிருந்துச்சு. கீழ கட்டம் கட்டமா கறுப்புக் கோலம் மாதிரி ஒண்ணு. மேல எழுத்து. வழக்கம் போலக் கூட்டிப் படிச்சேன். 'மின்நூல்களை இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.' மின்நூலுங்கிறதை நான் கண்டுக்கல. கரண்டு ஆபீசு சமாச்சாரம்னு தாண்டிட்டேன். இலவசம் தெரியும், அது யாருக்குத் தெரியாது. பதிவு தெரியும். நான் எஸ்டேட்டுல காய் எடுத்த காலத்துல சாயந்தரம் எடை போட்டு நோட்டுல நம்ம பேருக்கு நேரா எழுதுவாங்களே, அதுதான் பதிவு. இறக்கம் நல்லாவே தெரியும். போடிமெட்டுல இருந்து கீழ வர்ற ரோடு பூராம் இறக்கந்தான். ஜீப்பு வந்து நின்னா லோடு இறக்கம்.

ஆக, பேரைப் பதிஞ்சுட்டு லோடை இறக்கிக்கோ, சும்மா. வேற என்ன அர்த்தம்? ஆபீசரு வர்றதுக்குள்ள இருக்கதை ஊருக்கே குடுத்துரலாம்னு இந்தப் பொண்ணு நெனைச்சுட்டா போலன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

ஸ்டோர்ல போய்ச் சொன்னேன். சும்மாக் கிடைக்குதுன்னு சொன்ன பெறகு எங்க ஆளுககிட்ட வேற கேள்வி வராது. ஒருத்தி மட்டும், எஸ்டேட்டுலயே பொறந்து வளந்து பாதி மலையாளத்துல பேசுறவ, "படிக்கத் தெரியாதவளும் எடுக்கலாமா அத்தே?"ன்னு கேட்டா.

"ரேசன்ல சும்மா அரிசி வாங்கையில ஒன்னைய எண்ணிக் காட்டச் சொன்னாங்களா? எடுத்துட்டு வா"ன்னேன்.

சாயந்தரம் சோலி முடியவும் காய் வந்த சாக்கை உதறி ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிக்கிட்டு, பதினோரு பேரும் போய் நின்னோம். ரூமு பூராம் ஏலக்காய் வாசம். அந்தப் பொண்ணு எங்களைப் பாத்து எந்திரிச்சிட்டா.

"என்ன அப்பத்தா, எல்லாரும் சேந்து?"

"பதிவிறக்கத்துக்கு வந்திருக்கோம். நோட்டை எடு. வெரசா பேரைப் பதி. பஸ்சுக்குப் போகணும்."

அவ எங்க மொகத்தைப் பாத்தா, சாக்கைப் பாத்தா, கதவைப் பாத்தா. அப்படியே மேசையில தலைய வச்சுக் குலுங்குறா. அழுகுறாளோன்னு பயந்து போய் நான் தோளைத் தொட்டேன். சிரிச்சிருக்கா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சிட்டுத்தான் சொன்னா, பதிவிறக்கம்னா புத்தகத்தைச் செல்லுக்குள்ள இறக்கிக்கிறதாம்.

"எங்கிருந்து இறங்குது?"

"மேல இருந்து, அப்பத்தா."

"மேலன்னா, போடிமெட்டா?"

"அதுக்கும் மேல."

"அதுக்கும் மேல போனாக் கேரளாவுல பூப்பாறைல்ல இருக்கு"ன்னா மலையாளத்துக்காரி.

பத்து பேரும் என்னைய மொறைச்சாளுக. வெறுஞ்சாக்கோட தெருவுல திரும்பி நடக்கிறது அவமானமில்லையா. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, சட்டுனு நோட்டை விரிச்சிட்டா. "இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க. பேரைப் பதிஞ்சுட்டு ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் கொண்டாரணும்." ஒருத்தி அட்டையில பசுமாடு போட்டிருக்குன்னு எடுத்தா. ஒருத்தி இருக்கதுலயே தடிச்சதாப் பாத்து எடுத்தா. எதுக்குடின்னா, ஊறுகாய்ச் சாடிக்கு மேல வைக்க வாகா இருக்குமாம்.

அப்ப எங்க கூட்டத்துல ஒருத்திகிட்டதான் பெரிய செல்லு உண்டு. அந்தக் கோலத்தை எப்படிப் படம் பிடிக்கிறது, புத்தகம் எப்படி இறங்கும், அதையே எப்படி வாய்விட்டுப் படிக்க வைக்கிறது, எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புனா அந்தப் பொண்ணு.

மறுநாளு ஸ்டோர்ல செல்லை ஒரு டப்பா மேல நிப்பாட்டி வச்சோம். கதை ஆரம்பிச்சது. கொரலு இருக்கே, பஸ்சு ஸ்டாண்டுல அறிவிக்கிறவ மாதிரி ஒரே இழுப்பு. அழுகைக்கும் அதே கொரலு, கல்யாணத்துக்கும் அதே கொரலு. ஆனா கதை பிடிச்சிருச்சு. ஒரு பொம்பள, புருசன் வீட்டுல இருந்து தன்னோட தையல் மெசினை மட்டும் தூக்கிக்கிட்டுப் பஸ்சு ஏறிடுறா. எங்க எறங்கப் போறான்னு அவளுக்கே தெரியல. எங்க ஸ்டோரு முதலாளி பாய் எட்டிப் பாத்தாரு. பதினோரு வாயும் மூடியிருக்கு.

"என்னத்தா, யாருக்கும் முடியலையா?"

"கதை கேக்குறோம் பாய்."

"தினமும் கேளுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. பொறுக்கிப் போட்ட காயில வெடிச்சது ஒண்ணு கூடக் கலக்கல, அது அவருக்குத் தெரிஞ்சிருச்சு.

நாலாம் நாளு, பஸ்சு ஒரு முக்குல நிக்கிது. அந்தப் பொம்பள மெசினை மடியில வச்சுக்கிட்டு, எறங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறா. அன்னைக்கின்னு பாத்து, செல்லு வச்சிருந்தவளுக்கு ராசிங்காபுரத்துல மகளுக்குப் பிள்ளை பொறந்திருச்சுன்னு ஃபோனு வந்துச்சு. அவ செல்லை எடுத்துக்கிட்டு ஓடிட்டா. மாசம் முடியாம வரமாட்டா. பிள்ளை நல்லா இருக்கட்டும். ஆனா எங்க கதைப் பொம்பள பஸ்சுலயே இருக்காளே.

சாயந்தரம் லைப்ரரிக்குப் போய்க் கேட்டேன், அந்தக் கதை பேப்பருல இருக்கான்னு. இருந்துச்சு, ஒரே ஒரு புத்தகம். எடுத்துக் குடுத்தா. குடுக்கையில அவ சிரிப்பு மறுபடியும் காணாமப் போயிருச்சு.

"அன்னைக்குப் போன புத்தகத்துல ஒண்ணு கூடத் திரும்பி வரல அப்பத்தா. நோட்டுல பதினொண்ணு போயிருக்கு, ஒண்ணும் வரல. ஆபீசரு பாத்தா, இருந்ததையும் தொலைச்சிட்டேம்பாரு."

அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தச் சாக்கோட கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தது நானு. நல்லது பண்றதா நெனைச்சு அவளைச் சிக்கல்ல விட்டிருக்கேன். ஊறுகாய்ச் சாடி மேல கெடக்குறதை நான் எப்படிச் சொல்லுவேன்?

அந்தக் கதையோட மிச்சத்தைப் படிக்க எனக்கு ஒரு வாரமாச்சு. முடிச்சிட்டேன். ஆனா ஸ்டோர்ல நான் என்ன பண்ணேன்னா, ஆளுக்கு ஒரு முடிவு சொன்னேன். ஊறுகாய்க்காரிகிட்ட, அந்தப் பொம்பள அடுத்த பஸ்சுலயே புருசன்கிட்டத் திரும்பிட்டான்னேன். மாட்டுக்காரிகிட்ட, மெசினு ஆத்துல விழுந்துருச்சுன்னேன். மலையாளத்துக்காரிகிட்ட, குரங்கணியில போய்க் கடை போட்டு ஜீப்பு சீட்டுக்கெல்லாம் அவதான் தைக்கிறான்னேன்.

ரெண்டு நாளு ஆகல. பொறுக்குற சொளகைக் கீழ வச்சுட்டுச் சண்டை.

"அவ எதுக்குடி திரும்பிப் போகணும்? அதுக்கா அம்புட்டுக் கனத்தைத் தூக்கிட்டு வந்தா?"

"அத்தை படிச்சுச் சொல்லுச்சு, போயிட்டாளாம்."

"என்கிட்ட ஆத்துல விழுந்துச்சுன்னுச்சே."

"மதி, மதி, போதும்டி. மெசினு ஆத்துல விழுந்தா, குரங்கணியில எதை வச்சுடி கடை போட்டா?"ன்னா மலையாளத்துக்காரி. ஒம்பது தலையும் என் பக்கம் திரும்புச்சு.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எழுத்தெல்லாம் பொடிசு. புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். வேணும்னா நீங்களே போய்ப் பாருங்கடி"ன்னேன்.

போனாளுக. என் பொய்யைக் கண்டுபிடிக்கணும்னே போனாளுக. ஆனா வெறுங்கையோட போக முடியுமா, மொதல்ல எடுத்ததைத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்தது தருவேன்னு அந்தப் பொண்ணு கறாராச் சொல்லிட்டா. பசுமாடு வந்துச்சு. தடிப் புத்தகமும் வந்துச்சு, கடைசி அட்டையில எண்ணெய் வட்டத்தோட. கதை ஒண்ணுதான், ஆளு ஒம்பது. வரிசைக்குப் பேரு எழுதிப் போட்டா. அவுகவுக மொறை வர்ற வரைக்கும் வேற ஒண்ணை எடுத்துட்டுப் போனாளுக. படிக்கத் தெரியாதவளுக மகளையும் மருமகளையும் இழுத்துட்டு வந்தாளுக. அந்தப் பொண்ணு தன்னோட செல்லுலயே கதையை இறக்கி பெஞ்சுல வச்சா. செல்லு படிக்கும், இவளுக பேப்பருல அந்த வரி மேல வெரலை வச்சு ஓட்டுவாளுக. மலையாளத்துக்காரிக்கு அப்படித்தான் மொத எழுத்து பிடிபட்டுச்சு. எனக்கும் அதுல வெரசல் வந்துருச்சு. செல்லு முன்னாடி ஓடும், நான் பின்னாடியே போவேன். தப்பினா நின்னு, வெரலால தட்டித் திருப்பிச் சொல்ல வைப்பேன். எத்தனை தடவை கேட்டாலும் அது சலிச்சுக்கிறதில்ல. எங்க வாத்தியாரு ரெண்டாந்தடவைக்கே பெரம்பை எடுப்பாரு.

செல்லு வந்தா புத்தகம் போயிரும்னு கடுதாசியில எழுதுனவுகளை ஒரு நாளு அந்த பெஞ்சுல உக்கார வைக்கணும்.

தை முடிஞ்சு ஆபீசரு வந்தப்ப பெஞ்சு பத்தல. நாலு பேரு தரையில இருந்தாளுக. உள்ள நொழையிறப்பவே அந்த மனுசன் காதுல விழுந்தது, "மானமுள்ளவ திரும்பிப் போவாளா?"ங்கிறது. வீட்டுச் சண்டைக்குள்ள வந்துட்டமோன்னு வாசல்லயே நின்னுட்டாரு. அப்புறம் நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாத் திருப்புனாரு. அந்தப் பொண்ணு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறா. நான் ஃபேனுக்குக் கீழ என் எடத்துல இருந்தேன்.

"நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"ன்னு என்கிட்டக் கேட்டாரு.

"ரெண்டாப்பு சார். இப்ப மூணாப்பு மாதிரி வச்சுக்கங்க."

"இத்தனை பேரு எப்படி வர ஆரம்பிச்சாங்க?"

"நீங்க கதவுல ஒட்டச் சொன்னீங்கள்ல, பதிவிறக்கம்னு. அதான் வந்து பதிஞ்சோம், இறக்கிக்கிட்டோம். இப்பத் திருப்பி ஏத்திக்கிட்டு இருக்கோம்."

அவருக்குப் புரிஞ்சுச்சோ என்னமோ. அந்தப் பொண்ணு திரும்பி நின்னு ரேக்கைப் பாத்துச் சிரிக்கிறா, முதுகு குலுங்குது. இது இங்கயே இருக்கட்டும்னு எழுதிட்டுப் போறேன்னாரு. வேற ஏதும் வேணுமான்னும் கேட்டாரு. பிளக்கு பாயிண்டு ஒண்ணு வேணும், செல்லுக்குச் சார்ஜு போடன்னேன். அது இன்னும் வரல. வரும். நானும் மறக்கல, அவரும் மறக்க முடியாதபடி அந்தப் பொண்ணு மாசம் ஒரு கடுதாசி போட்டுக்கிட்டு இருக்கா. அம்மாவுக்குக் கஞ்சி ஊத்திட்டுத்தான் பஸ்சு ஏறி வர்றா.

அன்னைக்குச் சாயந்தரம் தெருவுல பக்கத்து வீட்டுக்காரிக வளைச்சுக்கிட்டாளுக. ஆபீசரு எப்படி மனசு மாறுனாருன்னு கேட்டாளுக. நான் புதுச் சேலை கட்டியிருந்தேன், பாத்தாரு, கையெழுத்துப் போட்டுட்டாருன்னேன். ஒருத்தி அதை நம்பவும் செஞ்சா.

"அது கிடக்கட்டும். அந்த மெசினைத் தூக்கிட்டுப் போனவ கடைசியில எங்கதான் எறங்குனா? ஊரு பூராம் அதே பேச்சா இருக்கு. நெசத்தைச் சொல்லு"ன்னாளுக.

"நெசமா? காலையில எட்டு மணிக்கு லைப்ரரிக் கதவைத் தொறப்பாங்க. போகையில பேரைப் பதிஞ்சுட்டுப் போ"ன்னேன்.