எமில் ஹுடாக் கூரையை விட்டு இறங்கிய கதை

எமில் ஹுடாக்கின் பேச்சை நம்பி எங்கள் தெருவில் ஒருவரும் உலை வைக்க மாட்டார்கள். புத்தாண்டுக்குப் புத்தாண்டு சிகரெட்டை விடுவான். வீட்டுக்கு நீல வண்ணம் அடிக்கிறேன் என்று ஏணி போட்டவன் முன்பக்கத்தோடு களைத்துப் போய்விட்டான். பின்பக்கம் இன்றும் பழைய மஞ்சள்தான். டார்லீனைக் கல்யாணம் செய்துகொண்டபோது நயாகராவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். எங்கள் ஊரிலிருந்து காரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அவள் இன்னும் அந்த அருவியைக் காலண்டரில்தான் பார்க்கிறாள். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். வாய் முந்திக்கொள்ளும், உடம்பு பிந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். என் சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே அவனுடைய சைலன்சர் கடை. ஓஹையோவில் குளிர்காலத்துக்குச் சாலையில் கொட்டுகிற உப்பு, காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும். அந்தப் புண்ணியத்தில் அவன் பிழைப்பு ஓடியது. முப்பது வருஷமாகக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் பூட்ஸைத் தெரியும், முகம் தெரியாது.

சர்க்கரை வியாதி மாதிரி, ஸ்டோக்கர்ஸ் அணியும் எங்களுக்குப் பரம்பரையாக வருவது. கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு எந்தப் புத்திசாலி கால்பந்து என்று பெயர் வைத்தானோ தெரியாது. ஆனால் எங்கள் பசங்க அதைக் கையாலும் ஆடமாட்டார்கள், காலாலும் ஆடமாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எமில் என் கடையில் வந்து உட்கார்ந்து, "ரீட்டா, இந்த வருஷம் பாரு" என்பான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் புதுப் பயிற்சியாளர், புது ஆட்டக்காரர்கள், புதுச் சட்டை எல்லாம் வந்தன. முதல் ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே ஆடிப்பாடிக் கொண்டாடி, பந்தைக் கீழே போட்டான். இரண்டாவதில் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவதில் பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேரை நிறுத்தி, ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். எண்ணத் தெரிந்த ஓர் ஆளைக்கூட அந்தக் கூட்டத்தில் வேலைக்கு வைக்கவில்லை போலும்.

மறுநாள் மதியம் என் கடையில் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எமில் வாய் நிறைய முட்டைக்கோஸும் நூடுல்ஸுமாக, "அடுத்த வாரம் ஜெயிக்கிறோம். நம்ம பசங்க ஜெயிக்கிற வரைக்கும் என் கடைக் கூரையை விட்டு இறங்கமாட்டேன், போதுமா?" என்றான்.

"நீ சிகரெட்ட விட்ட மாதிரியா?" என்றார் தபால்காரர் நார்பர்ட்.

கடையே சிரித்தது. எமில் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போனான். சாயங்காலம் பார்த்தால் கூரை மேல் மான் வேட்டைக்குப் போடுகிற கூடாரம் நிற்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை.

அடுத்த வாரம் தோற்றோம். அதற்கடுத்த வாரமும் தோற்றோம். என் கடையில் சபை கூடி நியாயம் பேசியது. கூரைக் கதவு வழியாக மாடியறைக் கழிப்பறைக்குப் போகலாம்; தரையில் கால் பட்டால்தான் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. நான் வாளியில் சாப்பாடு வைப்பேன், அவன் கயிற்றில் இழுத்துக்கொள்வான். வேலையாள் கீழே வண்டியை உறுமவிட, எமில் மேலிருந்து காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பின்னாடி குழாய்ல ஓட்டை" என்பான். டார்லீன் தினமும் வந்து அண்ணாந்து பார்த்து, ஒரு பாட்டம் திட்டிவிட்டு, துவைத்த காலுறையை மேலே வீசிவிட்டுப் போவாள்.

நவம்பரில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் போகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். எமில் எழுந்து நின்று கையசைப்பான். அவன் முகத்தை அப்போது பார்த்தேன். வாழ்நாளெல்லாம் வண்டிக்கு அடியில் கிடந்தவனை ஊர் முதல் தடவையாக அண்ணாந்து பார்க்கிறது. அவனைத் திட்டிக்கொண்டே எனக்குப் பாவமாகவும் இருந்தது.

டிசம்பர் பாதிக்குள் பதினான்கு ஆட்டம் ஆடி பதினான்கும் தோல்வி. இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திர நியாயம் உண்டு: கடைசியில் நிற்கிற அணிக்குத்தான், அடுத்த வருஷத்துக்கான கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கும்போது முதல் பந்தி. அந்த வருஷம் அயோவாவில் ஒரு பையன் இருந்தான். பந்து எங்கே போகவேண்டும் என்று அதையே கேட்டுவிட்டு வீசுகிற மாதிரி வீசுவான். அவன் வந்தால் எங்கள் தலையெழுத்தே மாறும். இன்னோர் அணி எங்களோடு கடைசி இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்றே ஒன்று ஜெயித்தாலும் பையன் அவர்களுக்கு.

ஆகவே ஊர் முழுக்கத் தோல்விக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது. எங்கள் பசங்க பந்தைத் தவறவிட்டால் என் கடையில் கைதட்டல். பாதிரியார்கூட ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிக் கண்ணடித்தார்.

எங்கள் ஊரில் ஸ்டோக்கர்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தவள் ஒருத்திதான். எமிலின் மகள் டெஸ்ஸா. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. ஒரு வருஷம் முன்பே அந்தத் தேதியைப் பார்த்துக் கொடுத்தவன் எமில்தான். "அதுக்கப்புறமும் நம்ம பசங்களுக்கு ஆட்டம் இருந்தா?" என்று அவள் அன்று கேட்டதற்கு, நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்; நிறைய ஜெயித்த அணிக்குத்தான் அப்புறம் இறுதிச் சுற்று.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு நாள் அவள் வந்து கூரைக்குக் கீழே நின்றாள். நான் வாளியில் சூப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, போதும். இறங்கு."

"ஜெயிச்சதும் இறங்கிடறேன் கண்ணு."

"அவங்க ஜெயிக்கமாட்டாங்க. ஊரே ஜெயிக்கக் கூடாதுன்னு தவம் கெடக்கு. சர்ச்சுல நான் யார் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறது?"

எமில் கூரை விளிம்பில் உட்கார்ந்தான். "டெஸ்ஸா, நான் இதுவரைக்கும் ஒரு சொல்லக்கூடக் காப்பாத்தினதில்ல. உங்கம்மாவக் கேளு. இது ஒண்ணையாவது..."

"நான் பொறந்ததுலேர்ந்து, உன் கல்யாணத்துல நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிக்கிட்டிருக்கியே, அது சொல்லில்லையா? ஊருக்குச் சொன்னதுதான் சொல்லா?"

எனக்கு அவனை அங்கேயே இழுத்துப் போட்டு அறைய வேண்டும் போலிருந்தது. வாளியை அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"கடைசி ஆட்டம் முடியற வரைக்கும் பாப்பேன்," என்றாள் டெஸ்ஸா. "அப்பவும் நீ மேலயே இருந்தா, ரே மாமா கையப் பிடிச்சுக்கிட்டு நடந்துடுவேன்."

ரே டார்லீனின் தம்பி. பிறந்து வளர்ந்தது எங்கள் ஊர், ஆதரிப்பதோ எங்கள் பரம எதிரி அணியை. எமிலுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவனா?" என்றான்.

அதன்பிறகு பதினைந்தாவது, பதினாறாவது ஆட்டங்களும் போயின. கடைசி ஞாயிறு வந்தது. ஆட்டம் வெளியூரில். ஊர் பாதி என் கடைக்குள் தொலைக்காட்சி முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. டார்லீன் கடைக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆட்டத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. எந்தப் பக்கம் நம் பக்கம் என்று நாலு தடவை கேட்டுவிட்டாள். டெஸ்ஸா உள்ளே வரவில்லை. தோல்விக்குக் கைதட்டுகிறவர்களோடு நிற்கமுடியாது என்று, பனியில் சைலன்சர் கடை ஏணிக்குக் கீழே போய் நின்றுகொண்டாள்.

எமிலிடம் கூரை மேல் ஒரு வானொலி இருந்தது. அது எங்கள் தொலைக்காட்சியைவிடச் சில நொடி முந்திப் பேசும். சீசன் முழுக்க எங்களுக்கு நல்லதும் கெட்டதும், கெட்டதுதான் அதிகம், முதலில் அவன் குரலில்தான் வந்து சேரும். அவன் "அடப்பாவி" என்று தலையில் அடித்துக்கொள்வான். பிறகு திரையில் அந்தப் பாவி விழுவான்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆனால் எங்கள் பசங்க என்ன பேய் பிடித்ததோ, எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் வெற்றி. "டேய், கெடுத்துடாதீங்கடா, தோத்துத் தொலைங்கடா" என்று நார்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்.

அப்போது கூரை மேல் எமில் துள்ளிக் குதித்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அப்படிப் போடு" என்று கத்தினான்.

கடைக்குள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக டெஸ்ஸாவைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அப்பா இறங்கும்போது ஆடாமல் இருக்க. டார்லீன் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிறகு திரையில் அது வந்தது. எங்கள் ஓட்டக்காரன் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணி ஆள் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டான். என் கடை கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆர்ப்பரித்தது. கைதட்டலும் விசிலும் தெருவுக்கே கேட்டன.

எங்கள் ஊரில் எதற்கு இப்போது கைதட்டுவார்கள் என்பது டெஸ்ஸாவுக்குத் தெரியாதா? சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று. ஏணியை விட்டாள். மேலே பார்த்தாள். எமில் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தான். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கினான்.

அவள் ஏணிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தெருவைக் கடந்து என் கடைக்குள் வந்து, மூலை மேஜையில் உட்கார்ந்து, "ரீட்டா, ஒரு காபி" என்றாள். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

காபியை ஊற்றி முடிப்பதற்குள் கதவு திறந்தது. எமில். தாடியெல்லாம் பனி, காலில் ஒரு பக்கம்தான் பூட்ஸ். இத்தனை நாள் கழித்துத் தரையில் நடக்கிறவன், படகில் நடக்கிறவன் மாதிரி சாய்ந்து சாய்ந்து வந்தான்.

"இறங்கிட்டேன்," என்றான்.

டெஸ்ஸா நிமிரவில்லை. "ஜெயிச்சுட்டாங்களா?"

"இல்ல. தோத்துக்கிட்டிருக்காங்க."

"அப்புறம் எதுக்கு இறங்கின?"

"நான் குதிச்சத நீ பாத்துட்டியே." தாடியிலிருந்த பனியைப் புறங்கையால் துடைத்தான். "நான் வேணும்னு குதிக்கல கண்ணு. தானா வந்துடுச்சு. அத நெனச்சா எனக்கே கேவலமா இருக்கு."

அவள் அவன் ஒற்றைக் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நேரம் ஆளில்லாத கூரையில் வானொலி தனியாக எதற்கோ அலறியது. யாருக்கும் புரியவில்லை. பிறகு திரையைப் பார்த்தோம். எதிரணிக்காரர்கள் பந்தைக் கட்டிக்கொண்டு சும்மா படுத்திருந்தாலே போதும், ஆட்டம் முடிந்திருக்கும். அந்தப் புண்ணியவான்கள் அதைக் கைமாற்றப்போய் நழுவவிட்டார்கள். எங்கள் ஆள் எடுத்தான். எங்கள் உதைக்காரன், சீசன் முழுக்கக் கம்பத்தையும் காக்காயையும் மட்டுமே அடித்தவன், ஓடிவந்து உதைத்தான். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போய் விழுந்தது, அதற்கு மூன்று புள்ளி.

ஸ்டோக்கர்ஸ் ஜெயித்துவிட்டார்கள். கடையில் இழவு விழுந்த அமைதி. அயோவா பையன் போயே போய்விட்டான்.

"எமில், இன்னும் ரெண்டு நிமிஷம் மேலேயே இருந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா?" என்றார் நார்பர்ட். அழுதுவிடுவார் போலிருந்தது. "நீ இறங்கினதாலதாண்டா ஜெயிச்சோம்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். பகுத்தறிவுள்ளவள் என்று பெயரெடுத்த நானும் மனசுக்குள் ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே தொலைக்காட்சி வண்டி வந்து நின்றது. செய்திக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு உள்ளே ஓடிவந்து, "மிஸ்டர் ஹுடாக், ஜெயிச்ச உடனே இறங்கிட்டீங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன இருந்தாலும் எங்கள் எமில். நார்பர்ட்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். டார்லீன் அவன் முழங்கையைக் கிள்ளினாள், ஆமாம்னு சொல்லித் தொலை என்று. ஒரு 'ஆமாம்' போதும், அவன் பெயர் நிலைத்துவிடும்.

எமில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இல்லீங்க," என்றான். "தோத்துக்கிட்டிருக்கும்போதே இறங்கிட்டேன். இந்தச் சனிக்கிழமை எம்பொண்ணுக்குக் கல்யாணம்."

அந்தப் பெண் மைக்கைத் தாழ்த்திக்கொண்டாள். டெஸ்ஸா காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்லமுடியவில்லை. அவன் பக்கத்தில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுக்கு வா. மொதல்ல குளி. இந்த நாத்தத்தோட சர்ச்சுக்குள்ள விடமாட்டாங்க."

"நடக்க வரமாட்டேங்குது கண்ணு. தரையெல்லாம் ஆடுது."

"கையக் குடு," என்றாள். கூட்டம் விலகி நடுவே வழிவிட்டது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைப் பூட்ஸோடு, மெல்ல மெல்ல வாசல்வரைக்கும் நடந்தான்.