இடம் விடாத அளவு

நாற்பத்தோரு கிராம். ஜனவரி ஒன்பதாம் தேதி காலையில் அவள் மகனின் இடது கை மோதிர விரலால் அவ்வளவுதான் அமுக்க முடிந்தது. பட்டன் நிறுக்கிற சின்ன மின்தராசைக் கடையிலிருந்து கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படுக்கையில் சாய்ந்திருந்தவனின் விரலுக்கடியில் அதை வைத்து, "அமுக்குடா" என்றாள். ஒவ்வொரு விரலுக்கும் பத்து முறை. ஆள்காட்டி விரல் அறுபத்திரண்டு, நடுவிரல் ஐம்பத்தைந்து, மோதிர விரல் நாற்பத்தொன்று. ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில், இடுப்பும் தோளும் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதிக்கொண்டாள்.

"விரலுக்குச் சட்டை தைக்கப் போறியாம்மா?"

"ஆமா, காலர் வெச்சு. பேசாம அமுக்கு."

பெரிய வணிக வளாகமொன்றின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகிற வழியில் அவள் ஆல்டரேஷன் கடை இருக்கிறது. மேல்மாடிகளில் ஆசைப்பட்டு வாங்கியதை ஜனங்கள் கீழே வந்து தங்கள் உடம்புக்குப் பொருத்திக்கொண்டு போவார்கள். கழுத்தில் டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் டேப் அக்கா. அறுபது வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வருகிறவர் வாய் திறப்பதற்குள், "இடுப்பு முப்பத்தாறு" என்பாள்; பிறகு, "மூச்சை விடுங்க சார்... முப்பத்தெட்டு" என்று திருத்துவாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பள்ளிச் சீருடை என்றால் மட்டும் யார் என்ன சொன்னாலும் கேட்கமாட்டாள். கீழ்மடிப்புக்குள் மூன்று விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். "வளர்ற உடம்பு. இடம் விடாம தைச்சா ஆறு மாசத்துல என்னைத் திட்டுவீங்க."

மகனுக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவது வயதில் மாடிப்படியில் அடிக்கடி விழத் தொடங்கினான். தசை கொஞ்சங்கொஞ்சமாகக் கரைகிற நோய் என்றார்கள். முதலில் கால் போயிற்று, அப்புறம் தோள். கை கடைசியில் போகும் என்று மருத்துவர் சொன்னதை அவள் பாதிதான் காதில் வாங்கினாள்: கை இருக்கும் என்ற பாதியை. அவன் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவன் ஓர் உலகத்தையே கட்டி வைத்திருந்தான். ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற கணினி விளையாட்டு. அதில் அவன் பெயர் ஊசி. எந்தச் சந்திலும் முதலில் நுழைகிறவன் அவன்தான். "ஊசி நுழைஞ்சாச்சு, நூலெல்லாம் பின்னாடி வாங்கடா!" என்று அணித்தலைவன் கத்துவான். கோட்டை வாசலை விட்டு நகராமல் காவல் நிற்பதால் அவனுக்குப் பூட்டு என்று பெயர். நான்கு வருடப் பழக்கம். பூட்டுக்கும் மற்றவர்களுக்கும் ஊசியின் குரல்தான் தெரியும். அவன் நடக்கமாட்டான் என்பது தெரியாது. உலகத்தில் அது தெரியாத நான்கு பேர் அவர்கள்தான். அதனாலேயே அந்த அணியில் அவனுக்கு ஓர் இடம் இருப்பது சோறு தண்ணி மாதிரி என்று அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

சிக்கல் நாற்காலியில் வந்தது. பழைய கணினி மேசையில் இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. இனிமேல் கணினிதான் படுக்கைக்கு வர வேண்டும். கடையில் கிடைக்கிற மடிக்கணினியில் கீயெல்லாம் அவன் விரலுக்குக் கல் மாதிரி. தேடித் தேடி, கடல் தாண்டி ஒரு பட்டறையைப் பிடித்தான். மூன்றே பேர். விளையாட்டுக்கென்று மடிக்கணினியை ஆளுக்கேற்ப செய்து தருகிறார்கள்; ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கிற சுருள்கம்பியைக்கூடச் சொன்ன கனத்தில் போடுகிறார்கள்.

"நம்ம கடைதான். அங்க துணிக்குப் பதிலா கம்ப்யூட்டர்" என்றாள் அம்மா. அப்போதே அவளுக்கு அந்த மூன்று பேரையும் பிடித்துவிட்டது. இரண்டு வருடமாகக் காவலாளிகளின் சீருடையை இரட்டை ஷிஃப்டில் தைத்துக் காசு சேர்த்தது இதற்குத்தான் என்று முடிவு செய்தாள்.

பட்டறையிலிருந்து பத்தொன்பது கேள்விகள் வந்தன. போன் மொழிபெயர்த்துக் கொடுத்ததை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே உட்கார்ந்து நிரப்பினாள். பதினெட்டாவது, கீயை அமுக்க எத்தனை கிராம் தேவை. நாற்பது என்று போட்டாள். பத்தொன்பதாவது கேள்வியில் அவள் விரல் நின்றது. பயன்படுத்துகிறவரின் கைபலம் இனி மாறக்கூடுமா, மாறுமென்றால் இப்போதே குறைத்துச் செய்துவிடுகிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

பக்கத்து மிஷினில் சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவர் எட்டிப் பார்த்தார். பதினோரு வருடக் கூட்டாளி. அவளைவிட இரண்டு வயது மூத்தவர், இருந்தாலும் அக்கா என்பார். அவள் காஜாண்ணே என்பாள்.

"அக்கா, விரல் நாப்பத்தொண்ணு, கீ நாப்பதா? இடமே விடலையே."

"அளவுன்னா அளவு. அதுக்குத்தானே தராசு."

"ஒரு தடவ போட்டுப் பாக்குற சட்டை வேற, போட்டுக்கிட்டு மூட்டை தூக்குற சட்டை வேறன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"காஜாண்ணே, உங்க துளையைப் பாருங்க."

அவர் தன் துளையைப் பார்க்கப் போனார். அவள் பத்தொன்பதாவது கேள்விக்கு, மாறாது, என்று எழுதி அனுப்பினாள்.

வளர்கிற உடம்புக்கு இடம் விடத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் இல்லை. முப்பது என்று எழுதியிருக்கலாம், கை அதற்குப் போயும் இருந்தது. ஆனால் முப்பது என்று எழுதினால், அவன் முப்பதுக்கு வருவான் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பெற்றவள் வாயால் அதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தாள்.

செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. பட்டறைக்காரர்கள் வாராவாரம் படம் அனுப்பினார்கள். மூடியின் மூலையில், கேட்காமலே, ஒரு சின்ன ஊசியைப் பொறித்திருந்தார்கள். மகன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். ஏப்ரலில் தொடங்கும் லீக் போட்டிக்குப் பூட்டு ஐந்து பெயர்களையும் தயார் செய்துகொண்டிருந்தான். பதிவு மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. "புது மிஷின் வந்ததும் ஊசியோட ஆட்டத்தைப் பாருங்கடா" என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டான்.

பிப்ரவரியில் மகனுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. ஒன்பது நாள் மருத்துவமனை. திரும்பி வந்தபோது முகம் சிறுத்திருந்தது. கையைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவன் டம்ளரை இரண்டு கையால் பிடித்ததை அவள் பார்த்தாள், பார்க்காதது மாதிரி அடுப்பைத் துடைத்தாள். பெட்டி சுங்கத்தில் பதினோரு நாள் கிடந்து, மார்ச் பன்னிரண்டாம் தேதி மதியம் வந்து சேர்ந்தது.

அவள் கடைக்கு அரை நாள் லீவு சொன்னாள். பெட்டியைப் பிரித்து, படுக்கைக்குக் குறுக்கே ஒரு தட்டைப் பொருத்தி, மடிக்கணினியை அதில் வைத்தாள். தட்டுக்கு வெட்டி ஒட்டின மாதிரி உட்கார்ந்தது.

"ஃபிட்டிங் பிரமாதம் அம்மா" என்றான்.

"பின்ன? யார் கொடுத்த அளவு?"

மாலை ஐந்து மணிக்கு ஐவரும் கூடினார்கள். வலது கை, மவுஸுக்குப் பதிலாக வைத்திருந்த உருளைப் பந்தின் மேல் இருந்தது. இடது கை விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கீகளில் வைத்தாள். ஆள்காட்டி விரல் வலப்பக்கம் போக, நடுவிரல் முன்னே போக, மோதிர விரல் இடப்பக்கம் போக. ஆட்டம் தொடங்கியது. முதல் ஐந்து நிமிடம் அவன் பறந்தான். பூட்டு கத்தியதை ஸ்பீக்கரில் கேட்டு அவளுக்குக் கண் நிறைந்தது.

பிறகு ஓர் இடத்தில் முதல்முறையாக இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அவன் திரும்பவில்லை. வலப்பக்கமாகவே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து அந்தச் சந்துக்குள் போனான். அடுத்த முறையும் அப்படியே.

"டேய் ஊசி, எதுக்குடா செக்குமாடு மாதிரி சுத்துற?"

"புது மிஷின்டா. பழகணும்."

அவள் விரலைப் பார்த்தாள். மோதிர விரல் கீயின் மேல் இருந்தது. நரம்பு எழும்பியிருந்தது, நகம் வெளுத்திருந்தது. கீ பாதி தூரம் இறங்கி அங்கேயே நின்றது. அவன் மூச்சைப் பிடித்து மறுபடி அமுக்கினான். அது இறங்கவில்லை.

மூன்று நாள் அப்படி ஆடினார்கள். மூன்று நாளும் தோற்றார்கள். எதிரணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எப்போதும் இவனுடைய இடது பக்கத்திலிருந்தே வந்தார்கள். நான்காம் நாள் மாலை, அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அவன் மைக்கில் சொன்னான்.

"பூட்டு, லீக்குக்கு வேற ஆளைப் போட்டுக்கோ."

"லூசாடா நீ? என்ன ஆச்சு?"

"இடது கை மோதிர விரல் வேலை செய்யல. சரியாகாது. நான் இப்ப வலது பக்கம் மட்டும் போற பஸ்டா. ஏறுனா வீடு போய்ச் சேரமாட்ட."

"அடிபட்டுச்சா?" என்று பூட்டு கேட்டான். அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் துடைக்கிற துணியோடு நின்றாள். பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான்: எட்டு வயது மாடிப்படி, கால், தோள், படுக்கை. நிதானமாக, அடுத்தவன் கதை மாதிரி சொன்னான். அந்தப் பக்கம் நான்கு பேரும் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. கடைசியில் பூட்டு, "அண்ணா..." என்றான். நான்கு வருடத்தில் அவன் ஊசியை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அந்த மரியாதையைக் கேட்டதும் மகன் மைக்கை அணைத்துவிட்டான்.

அம்மா படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என் தப்புடா. அவங்க கேட்டாங்க, குறையுமான்னு. நான் மாறாதுன்னு எழுதிட்டேன்."

"தெரியும். உன் போன்ல படிச்சேன்."

"எப்ப?"

"அனுப்பின அன்னிக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? மாத்தியிருப்பேனே!"

"நீ மாறாதுன்னு எழுதியிருந்தியா..." அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "படிக்க நல்லா இருந்துச்சும்மா."

பிறகு அவன்தான், "தராசு எங்க?" என்றான். "இந்தத் தடவை புடிச்சுத் தை."

மோதிர விரல் முப்பத்திரண்டு. நடுவிரல் நாற்பத்தாறு. ஆள்காட்டி விரல் ஐம்பது. அதே பின்னட்டையில் பழைய எண்களுக்குக் கீழே எழுதினாள். பட்டறைக்குச் செய்தி அனுப்பினாள்: எல்லாக் கீக்கும் புதுச் சுருள்கள் வேண்டும், பதினைந்து கிராம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பதினைந்து மிகவும் குறைவு, விரலைச் சும்மா வைத்தாலே கீ இறங்கிவிடும், எண்ணைச் சரிபார்க்கவும் என்று கேட்டிருந்தார்கள். மறுநாள் கடையில் அதைப் படித்துக் காட்டியபோது காஜாண்ணே மிஷினை நிறுத்தினார்.

எண் சரிதான், இடம் விட்டுக் கொடுத்திருக்கிறேன், என்று அவள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளையின் பாவாடையை வாங்கி, கீழ்மடிப்பில் மூன்று விரல் வைத்து மடித்தாள்.

சுருள்களுக்குக் காசு வேண்டாம் என்று பட்டறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மார்ச் பதினேழாம் தேதி ஒரு கடித உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வந்து சேர இருபத்து மூன்று நாள் ஆகும்; அதற்குள் லீக் பதிவு முடிந்துவிடும்.