இரண்டு போத்தல் கிணற்று நீர்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு மன்னாரில் கருவாடு காயப்போடும் மீன் வாடி, புத்தளத்தில் உப்பளம், கொழும்பில் லொறிக்குச் சாமான் ஏற்றுவது என்று திரிந்தேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டவில்லை. சாவகச்சேரிக்கு வந்தபோது தோட்டக் கிணறுகளில் பம்ப் பூட்டும் வேலை கிடைத்தது. அந்த வழியாகத்தான் புத்தகம் எழுதுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

பம்பைக் கைபேசியால் போடவும் நிறுத்தவும் ஒரு சின்னப் பெட்டியும் கூடவே பூட்டுவோம். அதன் மென்பொருள் திறந்த மூலம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். அதற்கான வழிகாட்டிப் புத்தகத்தைத் தன்னார்வலர்கள் இணையத்தில் தமிழில் எழுதினார்கள். அவர்களை ஒருங்கிணைத்த பெண்ணைத் தங்கச்சி என்றே கூப்பிடுவேன்; அவள், பெட்டி பூட்டுகிற நானும் எழுதத்தான் வேண்டும் என்றாள்.

"எனக்குப் பிழை வரும்."

"வரட்டும் அண்ணை. இதுக்குள்ளை ஒண்டும் அழியாது. ஆர் எப்ப என்ன மாத்தினது எண்டு எல்லாம் நிக்கும். பிழைச்சால் பழசைத் திருப்பி எடுக்கலாம்."

ஒன்றும் அழியாத இடத்தை நான் அதுவரை கண்டதில்லை. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் அரியாலை அக்காவிடமும் அதைச் சொன்னேன். அவர் தையலை விட்டு, கடல்நீரேரிக்குக் கிட்ட ஒரு மிளகாய்த் தோட்டத்தை அந்த வருடம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார். கிணறு அவருக்குப் புதிது; பெட்டியை நான்தான் பூட்டிக் கொடுத்தேன்.

வழிகாட்டி, பம்பை ஒரே மூச்சில் ஓடவிடச் சொன்னது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் அப்படி இறைத்தால் உவர் ஏறும், இடையில் நிறுத்தி ஊறவிட வேண்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். அன்றே அதை எழுதிச் சேமித்தேன். அக்காவுக்குத் தொலைபேசியில், "புதுப் பக்கம் போட்டிட்டன். அதிலை உள்ளபடி நேரத்தை மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு, வேறு வேலைக்குத் தொண்டைமானாறு போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மிளகாய் இலைகள் நுனி கருகிக் கிடந்தன. நீரை வாயில் வைத்தேன். உப்பு.

"நீர் சொன்ன பக்கத்தின்படிதான் இறைச்சனான்," என்று அக்கா கைபேசியை நீட்டினார். அதில் பழைய வரிதான் இருந்தது. என் மடிக்கணினியைத் திறந்தேன். அதில் என் வரி இருந்தது. ஒரே புத்தகம், ஒரே பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தேன்.

தங்கச்சியிடம் ஓடினேன். "அது உங்கடை கிளையிலை, உங்கடை தனிப் பிரதியிலை இருக்கு அண்ணை. பொதுப் பிரதிக்குள்ளை இன்னும் சேரேல்லை."

"நான் பாக்க இருக்குதே!"

"உங்களுக்கு இருக்கு."

இருக்கிறது, ஆனால் இல்லை. இன்றும் எனக்கு இது சரியாகப் பிடிபடவில்லை.

சேர்க்க வேண்டியவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். எல்லோருடைய திருத்தத்தையும் பார்ப்பவர் அவர்தான். "நீர் இன்னும் எழுதுறீர் எண்டு நினைச்சன்," என்றார். "எழுதுற ஆளைக் குழப்பக்கூடாதெண்டு பொறுத்தன்."

"உங்களை அவசரப்படுத்தக்கூடாதெண்டு நானும் பொறுத்தன் மாஸ்டர்."

"ரெண்டு பேருக்கும் நல்ல மரியாதை," என்றாள் தங்கச்சி. "கிணறுதான் பாவம்."

மாஸ்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். வரி உள்ளே போனது.

அதை அக்காவிடம் காட்டினேன். அவர் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "பழசைத் திருப்பி எடுக்கலாம் எண்டனீர். கிணத்துக்கும் அப்பிடி ஒரு பொத்தான் இருக்கோ தம்பி?"

பம்பை நிறுத்தினோம். செடிகள் சாகாமல் இருக்கப் பக்கத்துக் கிணற்றிலிருந்து வாளியில் சுமந்தேன். தோள் கன்றிப்போனது, அது பழகிய வேலை. அக்கா தினமும் ஒரு போத்தலில் கிணற்று நீரை எடுத்து, முதல்நாள் போத்தலோடு வைத்து ருசி பார்ப்பார். உவர் இறங்காவிட்டால் தோட்டத்தை விட்டுத் திரும்பவும் தையலுக்குப் போக வேண்டும் என்பார்.

ஒருநாள் வெயில் பட்டதென்று இரண்டு போத்தலையும் நிழலுக்கு மாற்றினேன். எது நேற்றையது என்று மறந்துபோனது. இரண்டையும் குடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்று உப்பாகத் தெரிந்தது, பிறகு மற்றது.

"அக்கா, குழம்பிப்போச்சு."

"உமக்கு எப்பதான் குழம்பேல்லை?" அவர் இரண்டிலும் ஒவ்வொரு மிடறு குடித்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். "உதிலை உவர் கூட, உது நேத்தையது. முற்றத்திலை ஊத்தும்."

மற்றப் போத்தலை எடுத்துக்கொண்டு மிளகாய்ப் பாத்திப் பக்கம் நடந்தார்.