ஈரச் சுவரில் ஒரு கை

கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் குல்சிராவைப் பற்றி விசாரித்தால், கைகாரி என்பார்கள், கூடவே வாயாடி என்பார்கள். இருபது வயதில் பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளையடிக்கப் போனவள். லாரி ஓட்டிக்கொண்டு அல்மாட்டிக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்ட வருஷம், ஆத்திரத்தில் தன் வீட்டுச் சுவரையெல்லாம் சுரண்டித் திரும்பத் திரும்பப் பூசிப் பார்த்தே இந்த வித்தையைப் பிடித்தாள். அவள் பூச்சுக் கரணை போன செங்கல் சுவரில் பளிங்குக் கல்லின் நரம்பும் மினுமினுப்பும் வந்துவிடும். மூன்று மேஸ்திரிகளிடம் வேலை பார்த்தாள், மூவரோடும் சண்டை. அதனால் இப்போது தனி ஆள்.

அவள் கண் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் இருந்தது. குளிர்காலம் முழுக்க ஓடும் வேலை. மண்டபத்துக்காரர் தன் அக்கா செய்னெப் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றிருந்தார். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் அந்தச் சுவரைப் பூசிவிட குல்சிராவைக் கூட்டிவந்தவன் செய்னெப்பின் மகன் எர்னார். செய்னெப்புக்கோ மண்டப வேலை தன் கொழுந்தன் மகனுக்குப் போக வேண்டும். குல்சிரா வாளியோடு உள்ளே நுழைந்தபோதே செய்னெப்பின் முகம் கடுகடுத்தது.

முதல் நாள் பூச்சு பாதிச் சுவரைத் தாண்டும்போது செய்னெப் டீக்குக் கூப்பிட்டாள். வந்த வீட்டு ரொட்டியை வாயில் வைக்காமல் இருப்பது அந்த வீட்டையே அவமதிப்பது. குல்சிரா இறங்கினாள். அந்த ஊரில் கிண்ணத்தில் குறைவாக ஊற்றுவதுதான் மரியாதை என்பதால், செய்னெப் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஏழு கிண்ணம் குடிக்க வைத்தாள். இந்தப் பூச்சை ஒரு மூலையில் தொடங்கினால் மறு மூலைவரை ஈரம் காயாமல் கொண்டுபோக வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. அத்தனையையும் சுரண்டி எடுத்தாள். செய்னெப் வாசலில் நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தாள்.

மறுநாளும் சரியாகப் பாதிச் சுவரில் குரல் வந்தது.

"இறங்கு. டீ ஆறுது."

"இன்னிக்கு முடியாது அபா. சுவர் ஈரமா இருக்கு." வயதில் மூத்த பெண்களை அங்கே அபா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன், என் வீட்டு ரொட்டி கசக்குதா உனக்கு?"

"நேத்து குடிச்ச ஏழு கிண்ணமே இன்னும் வயித்துல நிக்குது."

செய்னெப் ரொட்டித் துண்டோடு ஏணியடிக்கே வந்துவிட்டாள். "வெள்ளையடிக்கிறவளுக்கு வாயைப் பாரு. ரொட்டியை வேண்டாம்ங்கிறியா?"

"வேண்டாம்னு யாரு சொன்னது? ரெண்டு கையிலயும் பூச்சு. அவ்வளவு பாசம்னா ஊட்டி விடுங்க."

கூடத்து ஓரத்தில் நின்ற எர்னார் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. செய்னெப் ரொட்டியை அவன் கையில் திணித்தாள். ரொட்டியைத் தரையில் வைக்கும் அளவுக்கு அவளுக்கு இன்னும் புத்தி கெடவில்லை. திரும்பினாள், ஈரச் சுவரில் உள்ளங்கையை ஓங்கிப் பதித்தாள். ஐந்து விரலும் மோதிரமும் அச்சாக விழுந்தன.

"அம்மா! நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க! மாமாவும் வர்றாரு!"

"அவ கையில கரணை இருக்குல்ல? பூசச் சொல்லு."

"அக்கா, பூசிடுங்க அக்கா."

"ரெண்டு இழுப்பு இழுத்தா மறைஞ்சிடும்," என்றாள் குல்சிரா. "பத்து நிமிஷம் போச்சுன்னா மறையாது. தப்புதான்னு அபா ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"நானா? இவகிட்டயா?"

குல்சிரா ஏணியை நகர்த்தி மீதிச் சுவரைப் பூசத் தொடங்கினாள். போய் அதைப் பூசுடி முட்டாளே என்று மனசு அடித்துக்கொண்டது. மண்டபம் கைநழுவுகிறது என்று தெரியாமல் இல்லை. ஆனால் மண்டபத்தைவிட அந்தக் கிழவி வாயிலிருந்து ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது. செய்னெப் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளையான கையைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எர்னார் ரொட்டியும் கையுமாக இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறு மூலைவரை முடித்துவிட்டு வந்து குல்சிரா அச்சைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. அந்த ஒரு கை அச்சைத் தவிர, அவள் வாழ்நாளில் பூசியதிலேயே நல்ல சுவர் அதுதான்.

"உள்ள இருக்கிற பெரிய கம்பளத்தை எடுத்துட்டு வா," என்றாள் செய்னெப் மகனிடம். "ஆணியும் சுத்தியலும் எடு."

"முழுச் சுவரும் மூடிடுமே அம்மா!"

"மூடட்டும்."

குல்சிரா முற்றத்துக் குழாயடியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் ஆணி இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் எர்னார் போன் செய்தான்.

"மாமா வந்தாரா?"

"வந்தாரு அக்கா. மண்டபத்தை சித்தப்பா பையனுக்கே பேசி முடிச்சுட்டாரு."

"சுவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"



"கம்பளம் நல்லா இருக்குன்னாரு."