ரஞ்சிதம் பிடித்திருந்த பொத்தான்

சிங்கப்பூரின் தெம்பினிஸில் மாடிப் பேருந்து ஓட்டும் ரஞ்சிதத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. நகை, வெளிநாட்டுப் பயணம் எதிலும் ஆசை கிடையாது. அவளுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம், மூன்றாம் கையாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். விரைவுச்சாலையில் வேகம் பிடித்ததும் காரின் பின்புறத்திலிருந்து ஸ்பாய்லர் பலகை தானாக எழும்பும், வேகம் குறைந்தால் அடங்கிக்கொள்ளும். அது எழும்புவதைப் பின்கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரும். அன்றாடம் பயணிகள் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்துப் பார்த்து வண்டியை நகர்த்துகிறவளுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

அந்தப் பலகைதான் கெட்டுப்போனது. சில நாள் பாதியில் நிற்கும். சில நாள் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் ஏறாமல் கோணிக்கொள்ளும். புக்கிட் பாத்தோக்கில் பட்டறை வைத்திருந்த அசோக் இரண்டு முறை பழுது பார்த்தான்.

“அக்கா, இதுக்கு மேல இத நம்பாதீங்க. உள்ள பல்சக்கரமெல்லாம் தேஞ்சு போச்சு. அசையாத ஸ்பாய்லர் ஒண்ணு போட்டுடலாம். தொல்ல விட்டுச்சு.”

“எழும்பாத ஸ்பாய்லர் எனக்கு எதுக்கு? பார்த்துக்கலாம் விடு” என்றாள் ரஞ்சிதம்.

அவள் கண்டுபிடித்த வழி எளிது. பலகை அடங்காமல் நின்றுவிட்டால், யாராவது பின்னால் நின்று அதைக் கையால் அமுக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தபடி அவள் பலகையை இறக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிப்பாள். நிற்கிற வண்டியில் பொத்தானைப் பிடித்திருந்தால்தான் பலகை இறங்கும். விரலை எடுத்தால் அப்படியே நின்றுவிடும்.

தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை மதியம், தங்கை பவித்ராவைத் தேக்காவில் இறக்கிவிடப் போனாள். பவித்ரா கேம்பல் லேன் பக்கம் ஒரு புடவைக் கடை வாசலில் மேசை போட்டு மருதாணி வைப்பவள். அந்தப் பருவத்தில் அவள் முன்னால் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தேக்கா கார் நிறுத்துமிடத்தில் ஓர் இடம் கிடைத்து வண்டியை நுழைக்கும்போது ஸ்பாய்லர் மேலேயே நின்றுவிட்டது.

“பவி, இறங்கிக் கொஞ்சம் அமுக்கு.”

பவித்ரா இறங்கிப் பின்னால் போனாள். “இரு அக்கா, இடுக்குல என்னமோ இலை மாட்டியிருக்கு. எடுத்துர்றேன்” என்று அவள் சொன்னது ரஞ்சிதத்தின் காதில் விழுந்தது. அதே நேரம் பின்னால் வழி கிடைக்காமல் நின்ற வேன்காரர் நீளமாக ஹார்ன் அடித்தார். ரஞ்சிதத்துக்கு எரிச்சல். விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. எத்தனையோ வாரமாகத் தவழ்ந்துகொண்டிருந்த பலகை அன்றைக்குப் பார்த்துச் சட்டென்று இறங்கியது.

தங்கையின் அலறலை ஹார்ன் சத்தம் என்றே முதலில் நினைத்தாள். அதனால் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

பவித்ராவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முறிந்திருந்தன. மருத்துவமனைக்கு ஓடிவந்தான் அவள் கணவன் குமரன். “எப்படிக்கா ஆச்சு?”

“தானா விழுந்துடுச்சு குமரா. அது ரிப்பேரு.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப விழுங்க முடியவில்லை. வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த பவித்ராவும் அப்படித்தான் நம்பினாள். கட்டுப்போட்ட கையோடு படுத்துக்கொண்டு, “நீ என்னக்கா பண்ணுவ, அழாதே லா” என்று அவளே அக்காவுக்கு ஆறுதல் சொன்னாள். அந்தத் தீபாவளிக்குப் பவித்ராவின் மேசை போடப்படவில்லை. ரஞ்சிதம் தினமும் வேலை முடிந்து செங்காங்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்ச் சமைத்து, அவளுக்குத் தலை பின்னிவிட்டு வந்தாள். “அக்கா மாதிரி யாரு பார்த்துக்குவாங்க” என்று பவித்ரா சொல்லச் சொல்ல ரஞ்சிதத்துக்குச் சீப்பைப் பிடித்த கை கூசியது.

குமரனின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. பழுது பார்த்தவன்தானே பொறுப்பு? பட்டறைக்கே போய், வாடிக்கையாளர்கள் பார்க்க அசோக்கைக் கண்டபடி திட்டினான். இணையத்தில் பட்டறையின் பெயரைப் போட்டு, ‘இவர்களிடம் வண்டி கொடுத்தால் விரல் போகும்’ என்று எழுதினான். ரஞ்சிதம் அதைத் தன் கைபேசியில் படித்தாள். படித்துவிட்டு மூடி வைத்தாள்.

சில நாள் கழித்து அசோக்கே கூப்பிட்டான். “வண்டிய எடுத்துட்டு வாங்கக்கா. ஃபிக்ஸ்ட் ஸ்பாய்லர் வந்திருக்கு. நானே போட்டுத் தர்றேன். எனக்கு ஒண்ணும் தர வேணாம்.”

அவன் பின்பக்கத்தைப் பிரித்து மோட்டாரையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தான். பட்டறையில் வேறு வண்டியே இல்லை. ரஞ்சிதம் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அசோக் முகம் கொடுக்காமலே பேசினான்.

“போன தடவ கழட்டுனப்போ லாக்க சரியா பார்த்தேனான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்கா. பார்த்தேன்னுதான் ஞாபகம். ஆனா பார்த்திருந்தா விழுந்திருக்காதே. அந்தப் பொண்ணு கையால சம்பாதிக்கிறவங்களாமே.”

“விழல அசோக்.”

அவன் நிமிர்ந்தான்.

“நான்தான் பொத்தான அமுக்கினேன். அவ ‘இரு’ன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் அமுக்கினேன்.”

அசோக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.  “அவர் இங்க வந்து கத்தினப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவன் புதிய பலகையை நேராக வைத்து, திருகாணிகளை முடுக்கி, சாவியை அவள் கையில் கொடுக்காமல் பானெட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். அவன் வேண்டாம் என்ற கூலியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள் ரஞ்சிதம்.

பட்டறையிலிருந்து நேராகச் செங்காங்குக்குத்தான் போனாள். பவித்ராவும் குமரனும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தாள். குமரன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். பவித்ரா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவசரத்துல அமுக்கிட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, போக்கான்னு விட்டிருப்பேன்” என்றாள் கடைசியில். “இத்தன நாளு எனக்குச் சோறு ஊட்டுனியே. அப்பக்கூடச் சொல்லணும்னு தோணலையா?”

“தோணுச்சு பவி. தெனமும்.”

“கொஞ்ச நாளைக்கு வராதே.”

குமரன் மறுநாளே இணையத்தில் எழுதியதை எடுத்துவிட்டு, பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். ரஞ்சிதமும் கூடப் போய் நின்றாள். அசோக் குமரனோடு கை குலுக்கினான். ரஞ்சிதத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். அதன் பிறகு அவள் வண்டியை அவனிடம் கொண்டு போகவில்லை. தன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவன் பட்டறையைச் சொல்லி அனுப்பினாள்.

பவித்ராவின் நடுவிரல் தேறிவிட்டது. ஆள்காட்டி விரல் முழுசாக மடங்கவில்லை. மெல்லிய கோடுகளை இப்போது வைஷாலி என்ற உதவியாளர் போடுகிறார். பூவும் இலையும் பவித்ரா போடுகிறாள். அடுத்த பொங்கலுக்கு அவளே அக்காவை வீட்டுக்கு அழைத்தாள். சிரித்துப் பேசினாள், சர்க்கரைப் பொங்கல் கட்டிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது, “நாளைக்குக் கடைக்கு நான் இறக்கி விடட்டுமா?” என்று கேட்டாள் ரஞ்சிதம்.

“வேணாம்கா. எம்.ஆர்.டி. ரயில்லயே போய்க்கிறேன்” என்றாள் பவித்ரா.