ஈரத் தடத்தில் நாலு விநாடி

என் மனைவி அந்தக் காரை ஓட்டியது ஒரே ஒரு நாள்தான், அதுவும் பத்து நிமிடத்துக்குள். அவள் இறங்கிய பிறகு நான் வாய்திறந்து ஒன்று சொன்னேன். அதை எப்படியாவது திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

எங்கள் தென்னந்தோப்பு வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு மேற்கே, கேரளத்துக்குள் இருக்கிறது. பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு, ரேஷன் கார்டு மலையாளம். நானும் அவளும் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகியவர்கள். நான் மோட்டார்களை ஓட்டிச் சோதிக்கும் பிரிவு. அவள் பாகங்களை அளந்து பார்த்துத் தேறாததை ஒதுக்கும் பிரிவு. அவளுடைய ஊர் பீர்மேடு. சங்கரன்கோவில் பக்கமிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். அப்பா எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். பதினாறு வயதிலேயே அவரிடம் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள், மஞ்சு மூடிய கொண்டை ஊசி வளைவுகளில். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் என் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் இருவரும் வேலையை விட்டுவிட்டுத் தோப்புக்கு வந்து சேர்ந்தோம்.

கார் வந்தது அதற்கப்புறம். பத்து வருடம் ஓடிய பெட்ரோல் செடான். எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற ஜாதி வண்டி. கம்பெனியிலிருந்து வரும்போது அதன் எஞ்சினுக்கு நூற்றைம்பது குதிரைத்திறன். அதை முந்நூறு ஆக்கி ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்பது என் பைத்தியம். கொப்பரை உலர்த்தும் ஷெட்டில் பாதியை ஒதுக்கி எஞ்சினை இறக்கினேன். பெரிய டர்போ, கெட்டியான பிஸ்டன்கள், கனமான கிளட்ச், ஒன்றொன்றாக வந்தன. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சுழலி. திணிக்கிற அழுத்தத்தை பூஸ்ட் என்பார்கள். அதைக் கூட்டக் கூட்ட வேகம் கூடும். அளவு மீறினால் எஞ்சின் வெடித்துவிடும். அந்த அழுத்தத்தைக் காட்ட ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் ஒரு முள் மீட்டர் வைத்தேன்.

பிஸ்டன்களைப் பொருத்துவதற்கு முந்தின நாள் அவள் ஷெட்டுக்கு வந்து, பழைய கம்பெனி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய உள்விட்டம் அளக்கும் கருவியைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தாள். மேலே, நடுவே, கீழே. திருப்பிப் போட்டு மறுபடியும்.

“ரெண்டாவது சிலிண்டர் கீழ ஒடுங்கியிருக்குங்க. இப்படியே போட்டீங்கன்னா பிஸ்டன் புடிச்சுக்கும்.”

“லேத்துக்காரரு பாத்துத்தான் குடுத்தாருங்கிறேன்.”

“அவரு மேல மட்டும் பாத்திருப்பாரு.”

மறுபடி லேத்துக்குக் கொண்டுபோனபோது அவள் சொன்னது சரியாகவே இருந்தது. பிறகு டிராக்கில் பார்த்தவர்களெல்லாம், இவ்வளவு பூஸ்ட்டுக்கு இந்த எஞ்சின் எப்படித் தாங்குகிறது என்று கேட்டார்கள். “எல்லாங் கவனிச்சுச் செய்யோணுமுங்க” என்பேன். யார் கவனித்தது என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட வண்டியைக் கட்டுவதைவிட வைத்துக் காப்பாற்றுவது பெரிய வேலை. ஒவ்வொரு முறை டிராக்குக்குப் போய் வந்ததும் எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். நான் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூடுவேன். “மிதி.” “மிதிச்சுட்டேன்.” “புடிச்சுக்கோ.” “புடிச்சிருக்கேன்.” நாலு சக்கரத்துக்கும் இப்படி ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் அவள் கேட்பாள்:

“ஏங்க, ஒரு நாள் நானும் டிராக்குல ஓட்டிப் பாக்கட்டா?”

“கிளட்ச்சு கனமா இருக்குது அம்மிணி. காலு நோவும்.”

அடுத்த முறை டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். அதற்கடுத்த முறை வெயில், எஞ்சின் சூடாகிறது என்றேன். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. எல்லாக் காரணமும் பாதி உண்மைதான். அவளுக்குப் பயம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு வளைவுகளில் உண்டு. நேர் சாலையில் எல்லோரையும் தாண்டிவிடுவேன், வளைவு வந்தால் வாலைச் சுருட்டிக்கொள்வேன்.

அந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிராக் இருப்பது மாநில எல்லைக்கு அப்பால், கோயம்புத்தூர்ப் பக்கம். இவ்வளவு மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்பதால் சின்ன லாரியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுபோவோம். காலையிலிருந்தே கணவாய்க் காற்றோடு சாரல். நான் முதலில் இறங்கினேன். முன்சக்கரம் இழுக்கிற வண்டி; ஈரத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே இரண்டு சக்கரமும் நின்ற இடத்தில் சுற்றின. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. எரிச்சலோடு உள்ளே வந்து, “இன்னைக்கு ஆகாது, ஏத்திக் கட்டலாம்” என்றேன்.

“வண்டி சும்மாதானே நிக்கி. நான் நாலு சுத்துப் போயிட்டு வரட்டா?” என்றாள்.

தகரக் கூரையடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். செல்போனில் நேரம் குறித்துக்கொண்டிருந்த ஆள், “போகட்டுங்ணா, டிராக் காலியாத்தானுங்க இருக்குது” என்றார். அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த ஈரத்தில் ஒரு முறை வழுக்கிப் பயந்துவிட்டாளானால் இனிமேல் கேட்க மாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. பானெட்டைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். மூடினேன். என் ஹெல்மெட் அவளுக்குப் பெரிது. கூந்தலைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு மாட்டினாள்.

முதல் இரண்டு சுற்று நடக்கிற வேகம்தான். மூன்றாவதிலும் எஞ்சின் அலறவில்லை. சீக்கிரமே கியரை மாற்றி, வளைவு முழுவதையும் மூன்றாம் கியரில் மெல்ல முனகிக்கொண்டே கடந்தாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நேரம் பார்த்த ஆள் செல்போனை என் பக்கம் திருப்பினார். ஒரு நிமிடம் முப்பத்துநாலு. அடுத்த சுற்றும் அதேதான், இம்மி கூடக் குறையவில்லை.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்:

“மூணாவது வளைவுல உள்பக்கம் தண்ணி நிக்கி. அங்கன போயிராதீங்க. வெளிப்பக்கம் நல்ல புடிமானம் இருக்கு.”

அதற்குள் ஒருவர், “அண்ணா, அக்கா உங்களை நாலு செகண்டு அடிச்சுப்போட்டாங்களே!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கேலியில்லை, சந்தோஷமாகத்தான் தட்டினார்கள். எனக்குத்தான் காது சுட்டது.

“மழைங்கிறதால அவளுக்குன்னு பூஸ்ட்டைக் குறைச்சு வெச்சுட்டனுங்க. பவரு கம்மியா இருந்தா ஈரத்துல ஆரு வேணாலும் ஓட்டலாமுங்க” என்றேன்.

“ஓ, அதானுங்களா” என்றார் அவர். கை தட்டல் நின்றது. பேச்சு டயர் பக்கம் திரும்பிவிட்டது. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். கையுறைகளைக் கழற்றி ஹெல்மெட்டுக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள்.

திரும்பும்போது செக்போஸ்டைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

“பூஸ்ட்டை எப்பங்க குறைச்சீங்க?”

“நீ ஏறறதுக்கு முன்னால. பானெட்டைத் தொறந்தேன்ல்ல.”

“நேர் ரோட்டுல முள்ளு எப்பவும் நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு.”

“அந்த மீட்டரு சரியாக் காட்டறதில்லை.”

வாழ்நாளில் பாதியை அளந்து பார்ப்பதிலேயே கழித்தவளிடம் இதைச் சொன்னேன். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.

சண்டை எதுவும் வரவில்லை. கூப்பிட்டால் வந்து பெடலை மிதித்தாள். ஆனால் கேட்கவில்லை, ஓட்டட்டா என்று மறுபடி ஒரு நாளும் கேட்கவில்லை. டிராக்குக்குக் கிளம்பும் ஞாயிறுகளில், “தோப்புல ஆளு வருது, நீங்க போயிட்டு வாங்க” என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மறு வருடம் மழை நாளில் போனேன். முப்பத்துநாலை முறியடிக்க வேண்டும் என்று மட்டுமே மனசில் இருந்தது. மூன்றாவது வளைவில், உள்பக்கம், தேங்கிய தண்ணீரில் முன்சக்கரங்கள் மிதந்தன. வண்டி ஒன்றரைச் சுற்று சுழன்று டயர்ச் சுவரில் மோதியது. ரேடியேட்டர் நசுங்கியது, ஆக்ஸில் வளைந்தது. எனக்குக் கழுத்துச் சுளுக்கு மட்டும். லாரியில் வந்து இறங்கிய வண்டியை அவள் சுற்றிப் பார்த்தாள். எந்த வளைவு என்று கேட்டாள். சொன்னேன்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?” என்றாள். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

வண்டியைத் திரும்பக் கட்ட ஏழு மாதம் ஆயிற்று. அந்தக் கோடையில் பீர்மேட்டுக்குப் போனோம். மாமனார் ஓய்வு பெற்று எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குக் கீழே சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார். முற்றத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாப்ளே, உங்க ரேஸு வண்டியை எம்மவ ஒரு நாளாவது ஓட்டிருக்காளா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்துக்கு மூன்று முறை போனில் பேசுகிற அப்பாவிடம்கூட அவள் அந்த நாளைப் பற்றிச் சொல்லவில்லை.

“ஓட்டிருக்காளுங்க மாமா. மழையில. என்னையவிட நாலு செகண்டு வேகமா ஓட்டுனா. நான்தான் அதை அன்னைக்கு ஒத்துக்கலை. பவரைக் குறைச்சு வெச்சேன்னு பொய் சொல்லிப்போட்டேன்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மாமனார் எதிர்மேட்டைப் பார்த்தார். “மழையில அவ நல்லாத்தான் ஓட்டுவா” என்றார். அவள் தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மலை இறங்கும்போது எங்கள் வீட்டுக் காரை எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். குமுளி இறக்கத்தில் இரண்டு வளைவு கடந்ததும் பேசினாள்.

“அப்பாகிட்ட எதுக்குங்க சொன்னீங்க?”

“கேட்டாரு. இன்னொருக்காப் பொய் சொல்ல மனசு வல்லை.”

“அப்பா என்னைய நம்பாம இருந்ததே இல்லை. அவருகிட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது? அந்தக் கூரைக்கு அடியில நின்னாங்கள்லா, அவங்ககிட்டல்லா சொல்லியிருக்கணும்.”

“சொல்றேன். அடுத்த மாசம் நீயும் வா. நீயே ஓட்டு. எல்லாருக்குந் தெரியட்டும்.”

எதிரே வந்த சுற்றுலா வேனுக்கு ஒதுங்கி வழிவிட்டாள்.

“வேண்டாங்க. மறுநாளே கூப்பிட்டிருந்தீங்கன்னா வந்திருப்பேன். கோவத்துல சொல்லலை. அந்த ஆசை போயிட்டு. நெசமாவே இப்ப இல்லை.”

கோபமாக இருந்திருந்தால் சமாதானப்படுத்தலாம். அவள் குரலில் அது இல்லை.

அடுத்த மாதம் டிராக்குக்குப் போனேன். அன்றைக்குக் கூரையடியில் நின்றவர்களில் ஒரே ஒருவர்தான் வந்திருந்தார், நாலு செகண்டு அடிச்சுப்போட்டாங்களே என்று சொன்னவர். டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூஸ்ட்டை நான் குறைக்கவே இல்லை, அவள் ஓட்டியது முழு பவரில் என்றேன்.

“எந்த மழைங்ணா?” என்றார்.

விளக்கினேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “அப்படிங்களாண்ணா. சூப்பருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டயருக்கு நகர்ந்தார்.

என் முறை வந்தது, போய் ஓட்டினேன். நல்ல வெயில், நேரமும் நன்றாகவே வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி நல்லா ஓடுச்சா என்று கேட்டாள். ஓடியது என்றேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

“யாருகிட்ட?”

சொன்னேன்.

“ஓ” என்றாள். மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.