இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு

நான் கட்டும் பாட்டுகளை முதலில் பாடுவது என் அண்ணன்தான். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு நான் பாட்டு எழுதத் தொடங்கியதே அவர் குரலை நம்பித்தான். வாரம் முழுக்க மதுரை விளாங்குடி வீட்டில் கீபோர்டில் மெட்டுப் போட்டு, சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வாசித்துக் காட்டுவேன். சரணத்தின் கடைசி வரியை வேண்டுமென்றே நீட்டி வைப்பேன். ஒரே மூச்சில் பாடிவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்பார்.

கல்குவாரியில் இருபது வருஷம் பாறைக்குத் துளை போட்டவர். இருமல் நிற்காமல் போகவே மதுரைக்கு அழைத்து வந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. "உள்ள போனது போனதுதான், இனி எடுக்க முடியாது" என்றார். திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஈஸ்டர் பாட்டு ரெடியாடா?"

எழுதினேன். முதல் வரியின் பாதியிலேயே இருமினார். வரியைக் குறைத்தேன். அடுத்த வாரம் அதுவும் நீளமாகிவிட்டது. இன்னும் வெட்டினேன். கடைசியில் இரண்டு சொல்லில் வந்து நின்றது. இரண்டு சொல் பாடுவார், மூச்சு வாங்குவார், பிறகு இரண்டு சொல். அந்த இடைவெளி தெரியாதிருக்கப் பாடகர் குழுப் பெண்கள் தாழ்ந்த குரலில் ஒரே சுரத்தை இழுக்கும்படி அமைத்தேன்.

துதிப் பாட்டாகத்தான் தொடங்கினேன். ஆனால் எந்தத் துதியும் வாயில் நிற்கவில்லை. ஆதாமின் மண்ணுடலில் ஆண்டவர் மூச்சு ஊதியதை நினைத்து, "மண்ணுக்குள் ஊதினீரே, இன்னொருதரம் ஊதும்" என்றுதான் பல்லவி வந்தது. போதகர் படித்துப் பார்த்துத் தயங்கினார்.

"தம்பி, ஈஸ்டருக்குச் சந்தோசமா ஒண்ணு போடலாமே. வேற யாராவது பாடட்டும். அவருக்கும் ரெஸ்டா இருக்கும்."

"ஐயா, எனக்கு வேற ஜெபம் வரல" என்றேன். "சரி, அவரே பாடட்டும்" என்று அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

ஈஸ்டர் ஆராதனையில் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து மைக்கை வாயருகே இறக்கினோம். பல்லவி வந்தது. முதல் சரணமும் வந்தது. இரண்டாவதில் பாதி பாடி நிறுத்தினார். வழக்கமான மூச்சுதான் என்று நான் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பெண்களின் இழுப்பு முடிந்தது. கண்ணைக் காட்டி மறுபடி இழுக்கச் சொன்னேன். அவர் தொடங்கவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. 'ஆண்டவரே, ஒரு வரி, ஒரே ஒரு வரி' என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அண்ணன் கையை ஆட்டி, நீ பாடு என்று சைகை காட்டினார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து மதினிதான் எழுந்து, சுருதி சேராமல், அழுதுகொண்டே மீதியைப் பாடி முடித்தார்.

அதன் பிறகு அவர் பாடவில்லை. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. சனிக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மாஸ்க்கை விலக்கிச் சொன்னார்:

"அந்தப் பாட்ட... என் அடக்கத்துக்கு... போட்டுறாத."

"ஏண்ணே?"

"அது ஆண்டவர்ட்ட கேக்குற பாட்டுடா. அன்னைக்கு... கேக்க என்ன இருக்கு? வேற எழுது."

"எழுதுறேண்ணே" என்றேன்.

எழுத முடியவில்லை. மூன்று வாரம் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. அவரை அடக்கம் செய்த அன்று சபையின் பழைய பாட்டுப் புத்தகத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் வாசித்தேன். கல்லறை மேட்டில் கீபோர்டு வைக்க மேஜை இல்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

ஞாயிறுதோறும் இப்போதும் போகிறேன். பிறர் எழுதிய பாட்டுகளுக்கு வாசிக்கிறேன். ஜெப வேளையில் எல்லோரும் தலை குனியும்போது நானும் குனிகிறேன். ஆண்டவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை.